இடது தோளில் ஐந்து உட்பிரிவுகள்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, பால்கனியில் உள்ள பத்தொன்பது தொட்டிச் செடிகள், ஆக இருபத்தொரு பேரும் சுகம். இருபத்தொரு பேரில் ஒருவருக்கு மட்டும் முதுகில் ஒரு சங்கதி. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீயும் உன் வீட்டாரும் சுகமாகவும், முக்கியமாக எந்தச் செடியையும் தொடாமலும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நீ 'சரி அத்தான், சரி அத்தான்' என்று சொல்லிக்கொண்டே டி.வி. பார்ப்பாய் என்பது எனக்குத் தெரியும். தவிர, நான் முப்பத்தோரு வருடம் நிலம் அளந்தவன். எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்று பழகிப்போனவன்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வேன் பிடித்துக்கொண்டு வந்து பத்தொன்பது தொட்டிகளையும் நீ எடுத்துப்போக வேண்டும். உன் அக்கா சம்மதித்துவிட்டாள். மயக்கம் போட்டு விழாதே. அவள் எப்படிச் சம்மதித்தாள் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் பால்கனி பதினோரு அடி நீளம், நாலரை அடி அகலம். குடி வந்த அன்றே வடக்குப் பாதி அவள் செடிகளுக்கு, தெற்குப் பாதி என் மேஜை நாற்காலிக்கு என்று பேசி முடித்தோம். இதில் மணிபிளாண்ட் மட்டும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அது கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல என் பக்கம் வந்தது. முதலில் ஒரு இலை. பிறகு ஒரு கொடி. போன மாதம் பார்க்கிறேன், என் நாற்காலிக் காலை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. என் சர்வீஸில் நான் பார்க்காத ஆக்கிரமிப்பா? டேப் பிடித்து அளந்தேன், சரி நடுவில் நூல் கட்டினேன், வாய்மொழியாக ஒரு நோட்டீஸும் கொடுத்தேன், கொடுத்துவிட்டு நூலுக்கு இந்தப் பக்கம் இருந்ததையெல்லாம் கத்தரித்தேன். வெட்டு நூல் பிடித்தாற்போல இருந்தது. ஆனால் கடைக்குப் போய்விட்டு வந்த உன் அக்கா அதைப் பார்த்தபோது, பாதி முடி வெட்டும்போது கரண்ட் போன சலூனிலிருந்து எழுந்து வந்த ஆள் மாதிரி அந்தக் கொடி நின்றதாம். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். பேச்சை நிறுத்திவிட்டாள்.

பேச்சை நிறுத்தினாள் என்றால் என்னோடு நிறுத்தினாள். செடிகளோடு பேசினாள். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவற்றிடம் சொன்னாள். ரோஜாவிடம் போய், சாப்பாடு மேஜையில் இருக்கிறது, வேண்டியவர்கள் சாப்பிடலாம் என்பாள். கற்றாழையிடம் போய், கேஸ் தீர்ந்துவிட்டது, யாராவது புக் பண்ணினால் தேவலை என்பாள். நான் புக் பண்ணிவிட்டு, புக் பண்ணியாச்சு என்று கற்றாழையிடமே பதில் சொல்வேன். இப்படி நாலு நாள் ஓடியது. கற்றாழைக்குத்தான் எங்கள் குடும்ப விவகாரம் அத்தனையும் அத்துப்படி.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. அன்றைய என் குறிப்பை அப்படியே எழுதுகிறேன்: 'வெயில் கடுமை. சட்டை, பனியன் இரண்டும் துவைக்கப் போட்டாயிற்று. பிற்பகல் 1.10, பால்கனி மேஜையில் தலை சாய்த்துத் தூக்கம். 2.25 விழிப்பு. முதுகில் நல்ல வெயில். பக்கத்து ஸ்டூலில் ஒரு டம்ளர் இருந்தது, எடுத்துக் குடித்தேன்.' இவ்வளவுதான். திங்கட்கிழமை காலை குளிக்கும்போது இடது தோளுக்குப் பின்னால் தண்ணீர் பட்டதும் சுரீர் என்றது. கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கழுத்து சுளுக்கிக்கொண்டதே தவிர முழுசாக ஒன்றும் தெரியவில்லை. சிவப்பாக, கொப்புளமாக, கோடு கோடாக ஏதோ இருந்தது. சந்தேகமே இல்லை, செடிகள் அவள் சார்பில் பழி வாங்கிவிட்டன என்று நினைத்துக்கொண்டேன்.

தோல் டாக்டரம்மாவிடம் போனேன். கூட்டம் அதிகம். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இப்படிக் கோடு கோடாக வந்தால் பெரும்பாலும் வெளியிலிருந்து ஏதோ பட்டதுதான், செடியின் சாறு பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால் இப்படி வரும் என்றார். செடி வெட்டினீர்களா என்றார். வெட்டினேன் என்றேன். அப்படியானால் கையில்தானே வந்திருக்க வேண்டும், முதுகில் எப்படி என்று யோசித்தார். பழச்சாறு ஏதாவது மேலே பட்டதா என்றும் கேட்டார். நான் சமையலறைப் பக்கம் தலைவைத்துப் படுப்பவன் இல்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். சரி, எந்தச் செடி என்று தெரிந்தால்தான் மறுபடி வராமல் பார்த்துக்கொள்ள முடியும், அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள், எந்தத் தேதி, எந்த நேரம், எந்தச் செடி, உடம்பில் எந்த இடம், வெயில் இருந்ததா இல்லையா எல்லாம் எழுதுங்கள், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளை, என்னிடம் ஒருவர் ஸ்கேல் வைக்கச் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. வலியெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. வரும் வழியில் இரண்டு நோட்டு, ஒரு கட்டு கிராஃப் தாள், சிவப்பு மை எல்லாம் வாங்கிக்கொண்டு லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி வந்தேன்.

ஆனால் தன் முதுகைத் தானே அளக்கிற வித்தை யாருக்கும் வராது. உன் அக்காவிடம் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரரிடம் போனேன். நீ பார்த்திருக்கிறாய், கழுத்தில் டேப் தொங்காமல் அவரை யாரும் கண்டதில்லை. அவர் சட்டை தைக்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து முழுக்கையா அரைக்கையா என்றார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் பின்வாங்கினார். ஒட்டாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்ன பிறகு ஸ்டூலில் உட்காரவைத்து அளக்க ஆரம்பித்தார். அவர் அளவைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். தனித்தனியாக ஐந்து துண்டுகள். நாலு துண்டு நீளவாக்கில் ஒல்லியாக, ஒன்று கொஞ்சம் தள்ளிக் குட்டையாக. சர்வே எண் ஒன்று, உட்பிரிவு அ முதல் உ வரை என்று போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள், ஒரு போட்டோ, நான்கெல்லை. 'உட்பிரிவு ஆ: வடக்கே கழுத்து, தெற்கே விலா, கிழக்கே முதுகெலும்பு, மேற்கே புஜம்.' எங்கள் வேலையில் ஒரு நிலத்துக்கு ஒரு தாள் என்பது சட்டம். அவற்றை ஒட்டிச் சேர்த்து முழுப் படம் போடுவது மேல்மாடி வரைபடக்காரர்கள் வேலை. அதில் நாங்கள் கை வைத்தால் அவர்களுக்குக் கோபம் வரும். நானும் வைக்கவில்லை. 'ஆக்கிரமிப்பாளர்' என்று ஒரு கட்டம் போட்டு அதை மட்டும் காலியாக விட்டேன்.

களிம்பு போடுவது அடுத்த கஷ்டம். கை எட்டாது. அடிஸ்கேலின் நுனியில் பஞ்சைக் கட்டி அதில் களிம்பைத் தடவி முதுகுக்குப் பின்னால் விட்டுத் துழாவுவேன். பாதி முதுகில் படும், பாதி சுவரில் படும். சமையலறையிலிருந்து இதைப் பார்த்த உன் அக்கா செம்பருத்தியிடம் போய், கேட்டா நாம போட்டு விடமாட்டோமா என்று சொன்னாள். எனக்குக் காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வழக்குத்தான் பெரிதாக இருந்தது.

நோட்டைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் செடிகளின் மேலேயா குற்றம் என்று நேராக என்னிடமே கேட்டாள். பதினோரு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. டாக்டரே சொல்லிவிட்டார் என்றேன். அவள் கொஞ்ச நேரம் செடிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "எதுன்னு காட்டுங்க. ஒண்ணு தப்புப் பண்ணியிருந்தாலும் எல்லாத்தையும் தம்பிகிட்ட குடுத்துடறேன். ஒண்ண மட்டும் அனுப்பிட்டு மத்ததப் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் செடிகளிடமும் பேசவில்லை. வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது.

டாக்டர் எழுதத்தான் சொன்னார். நான் ஒரு படி மேலே போனேன். இடது முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் கட்டம் போட்டேன். பத்தொன்பது கட்டம். ஒரு நாளைக்கு ஒரு செடியாக ஒரு இலை பறித்து, கசக்கி, அதற்குரிய கட்டத்தில் தேய்த்து, அரைமணி வெயிலில் காட்டி, இரண்டு நாள் பார்க்க வேண்டியது. கட்டம் அழிந்துவிடக் கூடாது என்பதால் குளிக்கும்போது அந்தக் கையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு குளித்தேன். எதிர்வீட்டுக்காரர் இரண்டு நாள் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துப் பதிலுக்குக் கையை ஆட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் நேரில் வந்து என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

சொன்னால் சிரிப்பாய், ஓய்வு பெற்ற பிறகு இந்த மூன்று வாரம் மாதிரி நான் சந்தோஷமாக இருந்ததில்லை. காலையில் எழுந்ததும் ஒரு வேலை காத்துக்கொண்டிருந்தது. நோட்டில் இலையின் நீளம், அகலம், பின்பக்கத்து நரம்பு எல்லாம் எழுதினேன். ரோஜாவில் புதுத் துளிர் முதலில் சிவப்பாகத்தான் வரும் என்பது உனக்குத் தெரியுமா? எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. புதினாவைத் தொட்ட விரலை மத்தியானம் வரைக்கும் முகர்ந்துகொண்டிருந்தேன். நான் வெட்டிய மணிபிளாண்ட் வெட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே புதுக் கண் விட்டு, மறுபடி என் நாற்காலியை நோக்கித்தான் கிளம்பியிருக்கிறது. இந்தத் தடவை நூலைக் கட்டவில்லை. எங்கே போகிறது பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

பதினெட்டுச் செடிகளும் நிரபராதிகள். கட்டத்தில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. பத்தொன்பதாவது, நாங்கள் குடி வந்தபோது நீ கொண்டுவந்து கொடுத்த செடி. பெயர் என்ன என்று அன்றைக்கே கேட்டேன். "செடிதான், அத்தான்" என்றாய். நோட்டில் 'பெயர் அறியாதது, கொடுத்தவர் மைத்துனர்' என்று எழுதியிருக்கிறேன். அதைத் தேய்த்த கட்டம் மட்டும் அரைமணியில் சிவந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், ஆக்கிரமிப்பாளர் கட்டத்தில் பேனாவை வைத்தபோது எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை. உன் அக்காவிடம் கையைக் காட்டினேன். அவள் அந்தச் சிவப்பைத் தொட்டுப் பார்த்தாள். போய் ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் இருந்த தட்டை எடுத்துக் கழுவி வெயிலில் காயவைத்தாள். உன் வேனில் அழுக்கு ஆகக் கூடாதாம். ஆனால் நான் ஆதாரத்தின்மேல் நிற்பவன். ஆகவே வேனோடு வா. தட்டுகள் தயார்.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். குழந்தைகள் நன்றாகப் படித்து, நிறைய விளையாடி, தொட வேண்டியதை மட்டும் தொட்டு, நீண்ட ஆயுளோடு இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். உன் அக்கா தனியாக ஒன்றும் எழுதச் சொல்லவில்லை. அவளுடையதையும் நானே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
முதுகு எரிச்சல் அநேகமாகத் தீர்ந்த
உன் அத்தான்

பின்குறிப்பு: கவரை ஒட்டி ஸ்டாம்பும் ஒட்டிவிட்டேன். ஒட்டியதைக் கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளதில் தேதிகளும் அளவுகளும் தவிர எதையும் நம்பாதே. அளவுகளையும் நம்பாதே.

இன்றைக்குக் காலையில் டாக்டரம்மா வரச் சொன்ன நாள். ஃபைலைக் கொண்டுபோய் நீட்டினேன். முதலில் கைக் கட்டங்களைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். யார் உங்களைத் தேய்த்துப் பார்க்கச் சொன்னது, சில செடிகளின் பால் பட்டால் தோலே உரிந்துவிடும், கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்றார். பத்தொன்பதாம் கட்டத்தின் சிவப்பு செடியால் வந்ததே இல்லையாம். தோல் வழண்டு போகிற அளவுக்குத் தேய்த்திருக்கிறேனாம். உன் செடி என்பதால் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தது உண்மைதான், மாப்பிள்ளை. மன்னித்துக்கொள். பிறகு ஐந்து தாள்களையும் எடுத்து மேஜையில் பரப்பினார். பரப்பினவர், நாலை வரிசையாக வைத்துவிட்டு ஐந்தாவதைக் கொஞ்சம் தள்ளிச் சாய்த்து வைத்தார். அது ஒரு கை. முப்பத்தோரு வருடம் தாளைத் தாளாகவே பார்த்தவனுக்கு, ஒட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றாமல் போய்விட்டது.

ஆனால் அது பயில்வான் கை மாதிரி அத்தனை பெரிதாக இருந்தது. டாக்டரம்மாவே ஒரு கணம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அப்புறம் சட்டையைக் கழற்றச் சொல்லி நேரிலேயே பார்த்தார். சிவப்பெல்லாம் போய் இப்போது பழுப்பாக, தெளிவாகத் தெரிகிறதாம். சின்னக் கைதான் என்றார். திரும்பி வந்து தையல்காரரைப் பிடித்தேன். எந்தத் துணியை அளந்தாலும் தையலுக்கு ஓரத்தில் அரை இஞ்சு விடுவது அவர் கைப்பழக்கமாம். என் முதுகுத் துண்டு ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் அரை இஞ்சு விட்டிருக்கிறார்.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இது உங்க செடி எதுவும் பண்ணினது இல்ல சார். எலுமிச்சம்பழம் பிழிஞ்ச கை. கையை எடுத்தப்புறம் சாறு பட்ட இடத்துல வெயில் பட்டா இப்படி ஆகும். நீங்க தூங்கினதா எழுதியிருக்கீங்க, எழுப்பறதுக்கு வெச்ச கையா இருந்தா இழுபட்டிருக்கும். இது ரொம்ப நேரம் அசையாம இருந்திருக்கு."

அப்போதுதான் அந்த ஸ்டூலில் இருந்த டம்ளர் ஞாபகம் வந்தது. அது எலுமிச்சைச் சாறு. யார் கொண்டுவந்து வைத்தது என்று குறிப்பில் நான் எழுதவே இல்லை.

வீட்டுக்கு வந்தேன். உன் அக்கா காய்ந்த தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சட்டையைக் கழற்றிவிட்டு அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இங்கே கையை வை என்றேன். பைத்தியமா பிடித்திருக்கிறது என்றாள். வைத்துத்தான் பாரேன் என்றேன். வைத்தாள். ஐந்து உட்பிரிவுகளும் ஒரு இம்மி மிச்சமில்லாமல் மூடிக்கொண்டன என்று அவளே சொன்னாள். பிறகு சொன்னாள்: "அன்னிக்கு உங்ககிட்ட பேசிடலாம்னுதான் வந்தேன். நல்லா தூங்கிட்டிருந்தீங்க. எழுப்ப மனசு வரல. கையை எடுக்கவும் மனசு வரல."

நான் அழுதேன் என்று அவள் உன்னிடம் சொன்னால் நம்பு. பேசாமல் இருந்த நாட்களையெல்லாம் கணக்கில் எடுத்தபோது, பேசிய ஒரு நாள் என் முதுகிலேயே இருந்திருக்கிறது, அதற்கு நான் களிம்பு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே வேன் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும் வா. நீ கொடுத்த செடியின் பெயரை விசாரித்துக்கொண்டு வா, அதனிடம் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. தட்டுகள் மறுபடி தொட்டிகளுக்கு அடியில் போய்விட்டன. மணிபிளாண்ட் இன்று காலை என் நாற்காலிக் காலைத் தொட்டுவிட்டது. நோட்டில் ஆக்கிரமிப்பாளர் என்ற கட்டத்தின் தலைப்பை அடித்துவிட்டு உரிமையாளர் என்று மாற்றி, அதில் உன் அக்கா பெயரை எழுதி, அவளிடமே கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அந்தத் தழும்பு தானாக மறைய இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். சீக்கிரம் மறைய டாக்டரம்மா ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். சீட்டு ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. வாங்குவதாக இல்லை.